வயிறு பெருக்கும், தசை கரையும்: ஈரல் நோயாளியை வீட்டில் எழுப்பி நடக்க வைக்க ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு அரைஞாண் கயிறு இறுகிக்கொண்டே வந்த அதே மாதத்தில், கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கயிற்றை அறுத்துவிட்டு நீளமாகப் புதுக்கயிறு கட்டினோம். கடிகார வாரில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டோம். இரண்டும் ஒரே நோயின் வேலை என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. "வயிறு இப்படிப் பெருசாகுதே, சாப்பாட்டைக் குறைங்க" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நாங்களும் குறைத்தோம். பாம்பன் பக்கம் நாட்டுப்படகில் நாற்பது வருடம் வலை இழுத்த மனிதர், மூன்றே மாதத்தில் கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

ஈரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வயிற்றில் தண்ணீர் கோர்த்திருக்கிறது, காலில் வீக்கம், ஆள் நாளுக்கு நாள் மெலிகிறார். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதும் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்ததும்தான் இது. கிட்னிக் கோளாறோ சர்க்கரையோ சேர்ந்திருந்தால் அளவுகள் மாறும், உங்கள் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஈரல் நோய் என்றாலே ஊரில் "குடிச்சிருப்பாரு" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். கொழுப்பு ஈரல், சர்க்கரை, ஹெபடைடிஸ் பி, சி என்று காரணங்கள் பல. வாழ்நாளில் சொட்டுக்கூடத் தொடாத பெண்களுக்கும் வருகிறது. குடிதான் காரணம் என்றால் அதை முழுதாக நிறுத்தாமல் கீழே சொல்லும் எதுவும் நிற்காது.

முதலில், ஏன் மெலிகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்

நல்ல ஈரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. சாப்பிட்டதில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக இருப்பு வைத்து, இரவில் நாம் தூங்கும்போது எடுத்துக் கொடுக்கும். சுருங்கிய ஈரலில் அந்த இருப்புக்கு இடமில்லை. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் காலை எட்டு மணிக்கு இட்லியைத் தொட்டால், நமக்கு அது ஒரு ராத்தூக்கம். ஈரல் நோயாளியின் உடம்புக்கோ அது நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். கிடங்கு காலியானதும் உடம்பு தசையை உடைத்துச் சர்க்கரை ஆக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் தொடையிலிருந்தும் தோளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

இரண்டாவது விஷயம் அம்மோனியா. ஈரல் கழிக்க வேண்டிய அந்தக் கழிவு ரத்தத்தில் தேங்கினால் தசைக்குக் கெடுதல், மூளைக்கும் கெடுதல். ஈரல் முடியாமல் விட்டதில் ஒரு பங்கைத் தசைதான் வாங்கிக் கழிக்கிறது. தசை குறையக் குறைய அம்மோனியா ஏறும், அம்மோனியா ஏற ஏறத் தசை குறையும். குழம்பிப்போய்ப் பேசுவது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது எல்லாம் இந்தச் சுழலில் வருபவை. இந்தத் தசை இழப்பை டாக்டர்கள் சார்கோபீனியா என்பார்கள். மாற்று ஈரலுக்குக் காத்திருப்பவர்களில் தசை வற்றியவர்களுக்கே ஆபத்து அதிகம்.

"கஞ்சியும் ஓய்வும்" என்று நம் ஊரில் சொல்லும் பத்தியம் இந்த நோய்க்கு எதிரி என்பது இப்போது விளங்கும். அப்பாவைக் கட்டிலோடு போட்டது நோய் பாதி, நாங்கள் பாதி.

எடை மெஷினை நம்பாதீர்கள்

தண்ணீர் ஏறும், தசை இறங்கும், மெஷின் அதே எண்ணைக் காட்டும். அதனால் தண்ணீரைக் கழித்துக் கணக்கிட வேண்டும். வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் என்றால் எடையில் 5 சதவீதம், நடுத்தரம் என்றால் 10, நிறைய என்றால் 15 சதவீதம் கழிப்பார்கள். காலில் வீக்கம் இருந்தால் இன்னொரு 5. அப்பா மெஷினில் 68 கிலோ. நடுத்தர நீரும் கால் வீக்கமும் இருந்ததால் 15 சதவீதம் கழித்தார்கள். கிட்டத்தட்ட 58 கிலோ. 68 கிலோ ஆள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர் உண்மையில் 58 கிலோ ஆள்.

வீட்டிலேயே பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். வீக்கம் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை, அதனால் கை பொய் சொல்லாது. இரண்டு, நாற்காலிச் சோதனை. கை இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்பாவுக்கு முதல் தடவை 28 விநாடி ஆனது, நான்காவது தடவை எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதையும் அப்படியே எழுதி வைத்தேன்.

சாப்பாடு: கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்

அளவு இதுதான். தண்ணீர் கழித்த எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 58 கிலோவுக்குச் சுமார் 2000 கலோரி, 70 முதல் 87 கிராம் புரதம். (உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கலோரிக் கணக்கு வேறு.) "குழப்பம் வந்துச்சுல்ல, புரதமே கூடாது" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய காலத்து வைத்தியம். மூளைக் குழப்பம் வந்தவர்களுக்கும் புரதத்தைக் குறைக்கக் கூடாது என்றுதான் இப்போது உலகம் முழுக்க ஈரல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கறி ஒத்துக்கொள்ளாவிட்டால் பால், முட்டை, பயறு என்று மாற்றலாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டில் இது ஏறாது. தண்ணீர் நிறைந்த வயிறு நாலு வாயிலேயே "போதும்" என்றுவிடும். அதனால் விழித்திருக்கும்போது மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக விடாமல், சின்னச் சின்னதாக ஆறேழு முறை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஓடிய ஒரு நாள் இது:

காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் பால். 8 மணிக்கு மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. 11 மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், உப்பு போடாமல் தேங்காயும் எலுமிச்சையும் சேர்த்து. மதியம் சோறும் 100 கிராம் மீனும். 4 மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. 7 மணிக்கு இரண்டு தோசை, பாசிப்பயறுக் குழம்பு. இரவு 10 மணிக்குப் பொட்டுக்கடலை மாவைப் பாலில் காய்ச்சி ஒரு டம்ளர்.

கூட்டிப் பார்த்தால் 85 கிராம் புரதத்துக்குப் பக்கத்தில் வரும். இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் அந்த 10 மணி டம்ளரைச் செய்யுங்கள். ராத்திரிப் பட்டினியை உடைப்பது அதுதான். அம்மா முதல் வாரம் "என்னங்க, தூங்கிட்டீங்களா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் டம்ளரை மூடி வைத்துவிடுவார். அப்புறம் டாக்டரே அம்மாவைக் கூப்பிட்டு, "மாத்திரை ஒண்ணு மறந்தாலும் பரவாயில்லம்மா, இதை மறக்காதீங்க" என்றார். மாத்திரை பற்றிச் சொன்னது சும்மா பேச்சுக்கு. ஆனால் அதற்குப் பிறகு டம்ளர் மூடிக் கிடந்ததில்லை. நடுராத்திரி விழித்தால் சாப்பிட, கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் ரொட்டியும் வைத்தோம்.

நோன்பு, விரதம், தவக்காலம் எல்லாம் இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. வயிற்றில் நீர் கோர்த்த நிலையில் நாள் முழுக்கப் பட்டினி கூடவே கூடாது. நோயாளிக்கு எல்லா மதத்திலும் விலக்கு இருக்கிறது. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பள்ளிவாசலில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பகலில் கஞ்சி குடிக்கச் சம்மதித்தார். வீட்டில் சண்டை போடுவதை விட அது நல்ல வழி.

கடைகளில் விற்கும் புரதப் பவுடர், அமினோ அமிலப் பவுடர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். அந்தக் காசுக்கு ஒரு மாத முட்டை வரும் என்பது என் கணக்கு. "ஈரலுக்கு நல்லது" என்று யாரோ கொடுக்கும் லேகியமும் சூரணமும் வேண்டாம். அவற்றில் சில ஈரலையே கெடுப்பவை.

மீன், கருவாடு, கடல்

இந்தக் கரையில் பிறந்தவருக்கு மீனைச் சாப்பிடு என்று சொல்லத் தேவையில்லை. சூடை, மத்தி, நெத்திலி, காரல், விளமீன், பாறை எதுவானாலும் 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. விலை குறைந்த மீனில் சத்து குறைவு என்பதெல்லாம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் விலை ஏறும். நாட்டுப்படகு மீன் கிடைக்காத நாளில் முட்டைக்கும் பயறுக்கும் மாறிக்கொள்ளுங்கள்.

கருவாடுதான் சிக்கல். நீர் கோர்த்தவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு சின்ன டீஸ்பூன். சமையலில் சேர்ப்பதும் அதில் அடக்கம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் நான்கையும் நிறுத்த வேண்டும். ஊற வைத்துக் கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், எல்லா உப்பும் போகாது. அதே சமயம், உப்பில்லை என்று அவர் சாப்பிடவே மறுத்தால் கதை கெட்டுவிடும். புளி, எலுமிச்சை, பூண்டு, நம் முண்டு மிளகாய் இவற்றை வைத்து ருசி கொண்டுவாருங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. நீர் போக ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகலாம். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, டாக்டரைக் கேட்காமல் தினம் கொடுக்காதீர்கள்.

கடலோரத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி வாழ்கிறது. நல்ல உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அது, ஈரல் நோயாளியின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். சிப்பி, நண்டு, கணவாய், மீன் எதுவானாலும் நன்றாக வெந்திருக்க வேண்டும். காலில் புண்ணோ வெடிப்போ இருக்கும்போது கடலில் இறங்கக் கூடாது; தீர்த்தமாடுவதும் இதில் சேர்த்திதான். மீன் ஆயும்போது முள் குத்தவும் விடக் கூடாது. குத்திய இடம் சிவந்து, கொப்புளம் கட்டி, காய்ச்சலும் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரல் நோய் இருப்பதையும் கடல்நீர் பட்டதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

எழுப்புவது, நிறுத்துவது, நடக்க வைப்பது

தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு கேள்வி: "எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சா, உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைச்சிருக்கா?" புடைத்திருந்தால் அதற்கு மாத்திரையோ, புடைப்பைக் கட்டும் ரப்பர் வளையமோ (பேண்ட்) போட்ட பிறகுதான் பயிற்சி. மூச்சை அடக்கி முக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், படகு தள்ளுவது மூன்றும் வேண்டாம்.

படுக்கையில் இருப்பவரை எழுப்புவதிலேயே நாங்கள் தப்பு செய்தோம். கட்டில் கால்மாட்டில் நைலான் கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்து எழச் சொன்னோம். கடல்காரருக்குக் கயிறுதானே வசதி என்று நினைப்பு. நேராக எழும்போது வயிறு இறுகி, பத்து நாளில் தொப்புள் எலுமிச்சை அளவுக்குப் பிதுங்கிவிட்டது. சரியான முறை இது: முதலில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்க்கை முழங்கையை ஊன்றி, மேல்கையால் கட்டிலைத் தள்ளி எழ வேண்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்காரட்டும். நீர் போகும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடனே நின்றால் தலை சுற்றும்.

முதல் வாரம் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முறை, ஒவ்வொரு காலையும் நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பத்து முறை. இதற்கே மூச்சு வாங்கினால் பாதியாக்குங்கள்.

அடுத்தது நாற்காலி. சோதனைக்குச் சொன்ன அதே எழுந்து உட்காருவதுதான் பயிற்சியும். உயரம் போதவில்லையென்றால் இருக்கையில் கம்பளியை மடித்துப் போடுங்கள். எழும்போது வாயால் மூச்சை ஊதிவிட வேண்டும். வேளைக்கு ஐந்து, நாளைக்கு மூன்று வேளை. "அப்பா, எந்திரிங்கப்பா" என்று நான் கேட்டால் எழ மாட்டார். பேரன் எதிரில் நின்று எண்ணினால் ஏழெட்டு வரை போவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பளியில் ஒரு மடிப்பைக் குறைத்தோம்.

கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். நடையைத் திண்ணையிலிருந்து வாசல் வேம்பு வரை என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு ஐநூறு காலடி கூட்டலாம். மணலில் வேண்டாம், தார்ச்சாலையோ சிமெண்டுத் தரையோ நல்லது. செருப்பு பின்வார் வைத்ததாக இருக்கட்டும். வெயில் ஏறும் முன் காலை ஆறரைக்குள், அல்லது மாலை ஐந்தரைக்கு மேல். வெறும் வயிற்றில் நடக்க விடாதீர்கள். அந்த ரத்தநாளப் புடைப்புக்காகப் புரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரை எடுப்பவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதை வைத்து அளக்க முடியாது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி. வயிற்றில் தண்ணீர் எடுத்த அன்று ஓய்வு.

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது இந்த நோயில் சகஜம். காலை நீட்டிப் பெருவிரலைத் தன் பக்கம் இழுத்தால் விடும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோபினாக், இபுபுரூபன், அசிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிட்னியும் போகும், ரத்தக்கசிவும் வரும்.

இனி வலை. நடை கொஞ்சம் தேறியதும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடையக் கேட்டார். விரலுக்கும் தோளுக்கும் அதைவிட நல்ல பயிற்சி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எங்களுக்கு அது இன்னொரு விதத்திலும் உதவியது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் முடைந்த இடத்தைப் பார்த்த சித்தப்பா, "என்ன, அண்ணன் கண்ணியெல்லாம் கோணலா விட்டிருக்கு" என்றார். ஒரு கண்ணி பெரிது, ஒன்று சிறிது, ஒரு முடிச்சு விட்டேபோயிருந்தது. கையை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னேன். விரல்கள் சிறகடிப்பது போல ஆடின. அம்மோனியா ஏறிய அடையாளம் அது. இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. டாக்டரைக் கூப்பிட்டு, மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தின் அளவைக் கூட்டினோம், மறுநாள் தெளிந்தார். உங்கள் வீட்டு ஆள் கோலம் போடுபவரோ கணக்கு எழுதுபவரோ, எதுவானாலும் அந்தக் கை வேலையைக் கவனியுங்கள்.

விழாமல் பார்த்துக்கொள்ள

லாக்டுலோஸ் குடிப்பவருக்கு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். அவசரமாக வரும், அப்போதுதான் விழுவார்கள். கழிப்பறை வெளியே இருந்தால் இரவுக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலி போடுங்கள். நீர் போகும் மாத்திரையைக் காலையிலேயே கொடுக்க டாக்டரிடம் கேளுங்கள். கைலி தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். எங்கள் வீட்டில் நடந்த இரண்டு விழுதலுக்கும் கைலிதான் காரணம். இவர்களுக்கு எலும்பும் பலமில்லை, ரத்தமும் சீக்கிரம் உறையாது. தலையில் அடிபட்டால், ஆள் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காய்ச்சல், வயிற்றுவலி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், சிறுநீர் சட்டென்று குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்

தசை அதிகம் கரைவது, கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில்தான். ராமேஸ்வரத்திலிருந்து விடியற்காலையில் மதுரைக்குக் கிளம்பி, ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் காத்திருந்து, பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பிட்ட நாள் எங்களுக்கு உண்டு. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி இரண்டுக்கும் "முதல் ஆளா எடுங்க, ஈரல் நோயாளி" என்று முன்கூட்டியே கேளுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, அதற்குச் சற்று முன் ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்துவிடுங்கள். பையில் அவித்த முட்டையும் கடலையும் இருக்கட்டும், முடிந்ததும் அங்கேயே கொடுக்கலாம்.

தினமும் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக முடியாதவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். வருபவரிடம் ஈரல் நோய் என்பதையும், தொப்புள் பிதுங்கியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டிவலிக்குச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சி எல்லாமே இவருக்குப் பொருந்தாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். காலை எடை, மேல்கைச் சுற்றளவு, நாற்காலி விநாடி, மலம் எத்தனை முறை, ராத்திரி டம்ளர் குடித்தாரா, இந்த ஐந்து மட்டும். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் அது தண்ணீர், போன் பண்ணிச் சொல்லுங்கள். ஓபியில் டாக்டருக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். "எப்படி இருக்காரு" என்று கேட்டால் நோட்டை நீட்டிவிடலாம். அப்பாவின் நோட்டில் மூன்றாவது மாதம் நாற்காலிக்கு நேரே 17 என்று இருந்தது. டாக்டர் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். ஃபைலில் அதை எப்போதும் மேலேயே வைத்திருங்கள்.